இரண்டின் வர்க்கமூலமும் உன் தங்கையின் டி.சி.யும்

சேவியர்,

'அன்புள்ள' என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நீ தேட வேண்டாம். மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றுதான் விட்டேன். உறையை ஒட்டாமல் அனுப்புவதும் வேண்டுமென்றுதான். வழியில் தபால்காரர் படிக்கட்டும், திருவொற்றியூரில் உனக்கு அறை வாடகைக்கு விட்டவர் படிக்கட்டும், ஈஸ்டருக்குப் பிறகு உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பிலோமினா கட்டாயம் படிக்கட்டும். கூடப் பிறந்த தங்கையின் கல்யாணத்தை அவளுக்கே தெரியாமல் கோயிலில் ஊருக்கெல்லாம் கேட்கும்படி வாசிக்க வைத்தவன் நீ. உன்னைப் பற்றி நான் எழுதுவதை நாலு பேர் படித்தால் உனக்கு வலிக்கக் கூடாது. வலித்தால் வலிக்கட்டும்.

போன வாரம் பிலோமினாவின் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். அவர் பாவம், வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மாவும் ஸ்டெல்லாவும் கண்ணாலத்துக்கு வந்து மரியாதியா குந்திக்கினு போவட்டும், பழச எதுவும் பேச வாணாம்னு சேவியரு சொல்லச் சொன்னாரு" என்றார். பழசாம்! அடித்த தழும்பு இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது, அதற்குள் பழசாகிவிட்டதா? மகனுக்குக் கல்யாணம் என்றால் பெற்றவர்கள் நாலு நல்ல புத்தி சொல்லி எழுதுவார்கள், நடுநடுவே தங்கள் தப்புகளையும் ஒப்புக்கொண்டு கண் கலங்குவார்கள். என் தப்புகளை நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். இந்தக் கடிதம் உன் தப்புகளைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கணக்குத் தெரியாது என்பதற்காக நான் கோபப்படவில்லை. நீ படித்தது சரித்திரம். கணக்கு வாத்தியார் வருஷத்தின் நடுவில் வேலையை விட்டுப் போனதும் தலைமையாசிரியர் உன் தலையில் கணக்கைக் கட்டினார். மாட்டேன் என்று சொல்ல உனக்குத் தைரியமில்லை, சரி என்று வந்துவிட்டாய். அதிலும் தப்பில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் எனக்கும் பாதி வேலை தெரியாது. தெரியாது என்று டாக்டரம்மாவிடம் போய் நிற்பேன், அவர் கத்துவார், பிறகு கற்றுக்கொடுப்பார். ஐந்தாம் பாரம் பிள்ளைகள், அடுத்த வருஷம் பெரிய பரீட்சை எழுதப் போகிறவர்கள், அவர்கள் முன்னால் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிப் போட்டாயே, அங்கேதான் ஆரம்பித்தது. அதுகூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் விட முடியவில்லை.

அன்றைக்கு வகுப்பில் நடந்ததை ஸ்டெல்லா எனக்கு அழாமல் சொன்னாள். உன்னைப் போலக் கூட்டிக் குறைத்துச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்துப் பின்னமாக எழுத முடிந்தால் அது விகிதமுறு எண், அப்படி எழுதவே முடியாவிட்டால் விகிதமுறா எண் என்று புத்தகத்தில் இருந்ததை வாசித்திருக்கிறாய். அதுவரை சரி. பிறகு உதாரணத்துக்கு என்று போர்டில் நீயே இரண்டு எழுதினாய். இரண்டின் வர்க்கமூலம் 1.414, அதாவது ஆயிரத்தில் ஆயிரத்து நானூற்றுப் பதினாலு, ஆகவே விகிதமுறு எண். பை என்பது 22-இன் கீழ் 7, ஆகவே அதுவும் விகிதமுறு எண். அடிக்கோடு வேறு போட்டாயாம். பெண்கள் பெஞ்சிலிருந்து உன் தங்கை எழுந்து நின்று, "சார், 1.414-ஐ அதாலயே பெருக்கினா ரெண்டு வர்ல சார். 1.999396-தான் வருது" என்றாள். வீட்டில் அண்ணா என்கிறவள் வகுப்பில் சார் என்றுதான் கூப்பிட்டாள், அந்த மரியாதையையும் குறித்துக்கொள். நீ சிரித்துக்கொண்டே, "கடைசிப் புள்ளி வரைக்கும் பாத்துக்கினு இருந்தா ஒரு கணக்கும் முடியாது. அது போதும், உக்காரு" என்றாய். "போதும்னா போதும்னு எழுதுங்க சார். சமம்னு போடக்கூடாதே. இருபத்திரண்டை ஏழால வகுத்தா வந்த எண்ணுங்களே திரும்பத் திரும்ப வருது. பையில அப்படி வர்லன்னு புத்தகத்துல கீதே" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்களா உன்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று உனக்குத் தெரியவில்லை. உடனே ஸ்கேலை எடுத்தாய். அடித்ததோடு விடாமல் மணி அடிக்கும்வரை முட்டி போட வைத்தாய்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இந்தக் குணம் உன்னிடம் இருந்தது. எண்ணூரில் உங்கப்பாவின் தங்கை வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? எனக்கு வழி தெரியும், என் பின்னால் வாங்க என்று முன்னால் நடந்தாய். உப்பளத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கைக்குழந்தை ஸ்டெல்லா என் இடுப்பில். கண்ணுக்கெட்டிய தூரம் உப்புக் குவியல்தான், ஒரு வீடு இல்லை. அப்போதும் இதுதான் வழி என்றாய். உங்கப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர், பகலெல்லாம் கத்திக் கத்திப் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டார்: "தப்பா வந்துட்டோம்னு சொன்னா வாயி வெந்துடுமா நைனா?" நீ மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். தப்பு என்று சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். இப்போது அவர் இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்ப எனக்குத் தெம்பும் இல்லை, விருப்பமும் இல்லை.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சாதத்துக்கு உட்கார்ந்ததும் உன் தங்கையைப் பார்த்து, "இன்னாமா பெரிய மேதாவி, கை வலிக்குதா?" என்று நக்கலாகக் கேட்டாய். அவள் கோபப்பட்டிருந்தால் உனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "அண்ணா, நீ சொல்றதே சரின்னு வெச்சிக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தாள். இதை நான் மறக்கவே மாட்டேன் சேவியர். உன்னைச் சரி என்று ஒத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நான் மூன்றாம் பாரத்தோடு நின்றவள், எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டோட வர்க்கமூலம் ஒரு பின்னம்னே வெச்சிக்கலாம். அந்தப் பின்னத்தை எவ்ளோ சுருக்க முடியுமோ அவ்ளோ சுருக்கிடு. அப்ப மேல் எண், கீழ் எண் ரெண்டுமே இரட்டைப்படையா இருக்க முடியாது. இருந்தா இன்னொரு வாட்டி ரெண்டால அடிச்சிடலாமே. சரிதானே?" என்றாள். நீ மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே சரி என்றாய். "மேல் எண்ணோட வர்க்கம், கீழ் எண்ணோட வர்க்கத்துல ரெண்டு மடங்கு. அதனால அது இரட்டைப்படை. ஒற்றையை ஒற்றையால பெருக்கினா ஒற்றைதான் வரும். அப்ப மேல் எண்ணே இரட்டைப்படைதான். இரட்டைப்படையை வர்க்கம் பண்ணா நாலால மீதியில்லாம வகுபடும். அது கீழ் வர்க்கத்துல ரெண்டு மடங்குன்னா, கீழ் வர்க்கம் ரெண்டாலயாவது வகுபடணும். அப்ப கீழ் எண்ணும் இரட்டைப்படை. இப்ப சொல்லு. ரெண்டும் இரட்டைப்படையா இருக்க முடியாதுன்னு சுருக்கினோம், ரெண்டும் இரட்டைப்படைன்னு வந்து நிக்குது. எங்க தப்பு?" என்று கேட்டாள்.

நீ கையைக் கழுவிவிட்டு வந்தாய். அவளிடமிருந்து சாக்கட்டியைப் பிடுங்கினாய். தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாய், வரி வரியாகத் தேடினாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிடைக்கவில்லை. ஏழின் கீழ் ஐந்து போட்டுப் பார்த்தாய். ஏழேழு நாற்பத்தொன்பது, ஐந்தைந்து இருபத்தைந்தில் இரண்டு மடங்கு ஐம்பது, ஒன்று குறைந்தது. "இன்னும் கிட்ட வேணுமாண்ணா? தொண்ணூத்தொம்பதின் கீழ் எழுபது போட்டுப் பாரு" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். பெருக்கினாய். ஒரு பக்கம் 9801, இன்னொரு பக்கம் 9800. "ஒண்ணுதானேடி வித்தியாசம்! ஒரே ஒண்ணு!" என்று கத்தினாய். "ஒண்ணு ஒண்ணுதாண்ணா. எவ்ளோ பெரிய எண்ணு போட்டாலும் அது போவாது" என்றாள். நீ காலாலேயே தரையைத் தேய்த்து அழித்துவிட்டு வெளியே போனாய். நெருப்பு மாதிரி போகிறானே என்று நினைத்தேனே தவிர, போகிறவன் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் போகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிட்டத்தட்ட என்பதை நானும் மதிக்கிறவள்தான். ஆஸ்பத்திரியில் இந்தத் தேதிக்குப் பிறக்கும் என்று டாக்டரம்மா எழுதுவார், பிள்ளை தன் இஷ்டத்துக்கு வரும், யாரும் சண்டை போடுவதில்லை. தகர டிரம்முக்கு மூடி வெட்டுகிறவனுக்கு இருபத்திரண்டின் கீழ் ஏழு தாராளமாகப் போதும். அது போதும் என்று சொல்கிறவன் நல்ல வேலைக்காரன். அதுதான் உண்மை என்று சொல்லி, இல்லை என்கிறவளை அடிக்கிறவன் யார் என்று நீயே ஒரு பெயர் வைத்துக்கொள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இது உனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தாய். பெரிய பூசையில் சாமியார் கல்யாண ஓலைகளை வாசித்தார். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம், முதலாம் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. அதில் ஸ்டெல்லாவின் பெயரும் இருந்தது. மத்தியானம் நான் வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டு மேரி வழிமறித்து, "இன்னாக்கா, பொண்ணு கண்ணாலத்த எங்ககிட்ட கூட சொல்லாம வெச்சிக்கினியே!" என்று கேட்டாள். யார் பெண்ணுக்கு என்று அவளையே திருப்பிக் கேட்டேன். எனக்கு அப்படி ஒரு அவமானம் என் ஜென்மத்தில் வந்ததில்லை. உங்கப்பா செத்தபோதுகூட நாலு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள், நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் வந்தால் ஸ்டெல்லா அடுப்பு பற்ற வைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பூசையில் தன் பெயரைத் தானே கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

சேலையைக்கூட மாற்றவில்லை, நர்ஸ் உடுப்போடே அவளை இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன். நீயும் அங்கே இருந்தாய், நீ பிடித்து வைத்திருந்த மாப்பிள்ளையும் இருந்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா, உன்னைவிட வயதில் மூத்தவர், முகத்தைப் பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. மணமக்களை உட்கார வைத்து ஜெப மந்திரங்களை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதும் சம்மதம் கேட்பதும் ஓலைக்கு முன்னால் நடக்க வேண்டியது. பெண்ணுக்குப் பரீட்சை, அப்புறம் கூட்டி வருகிறேன் என்று சொல்லி ஓலையை மட்டும் முன்னால் ஏற்றியிருக்கிறாய். பரீட்சை! அந்த வார்த்தையைச் சொல்ல உன் நாக்கு கூசவில்லை. சாமியார் என்னிடம், "அண்ணன் தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவர், அவர் சொன்னால் போதும் என்று நினைத்தேன் அம்மா" என்றார். "நீங்க நெனைச்சிக்கினது தப்பு சாமி. பதினாறு வயசுப் பொண்ணுங்க பெத்துப் போடுறதப் பாக்குறதுதான் என் வேல. அந்தக் கட்டில்ல இவ படுக்கறத இப்பவே பாக்க என்னால ஆவாது" என்றேன். அவர் ஸ்டெல்லாவைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே விழுந்து, "பாதி சம்மதம்தான் சாமி, போவப் போவ சரியாப்பூடும்" என்றாய். அதையும் பின்னமாக்கிவிட்டாய். "இல்ல சாமி, எனக்குச் சம்மதம் இல்ல" என்று அவள் சொன்னாள். அந்த மாப்பிள்ளை எழுந்து நின்று, "பொண்ணுக்குத் தெரியும்னு சேவியர் சொன்னதாலதான் வந்தேன் சாமி. மன்னிச்சிக்கமா" என்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ ஒரு மனிதருக்கு வந்த வெட்கம் உனக்கு வரவில்லை. கதவை அறைந்துவிட்டுப் போனாய், வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குக் குடி போனாய்.

ஓலை நின்றது, இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். "உன் பேர அட்ச்சாச்சேமா, உங்கண்ணன் கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கிக்கினு போய்ட்டாரே" என்று ஆபீஸ் குமாஸ்தா சொல்லி அனுப்பிவிட்டார். வருஷப் பரீட்சை வரப் போகிறது. அதை எழுதாவிட்டால் இந்த வருஷம் போச்சு. இந்த வருஷம் போனால், அப்பா இல்லாத பெண்ணை மறுபடி யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள் என்று ஊரே கேட்கும், அதுவும் உனக்குத் தெரியும். கொடுத்துவிடு என்று உன்னிடம் ஆள் அனுப்பினேன். நீ சொல்லி அனுப்பிய பதில் என்ன? அவள் வகுப்புக்கு வந்து, எல்லார் முன்னாலும், நான் சொன்னது தப்பு, சார் எழுதினதுதான் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் டி.சி.யைக் கிழித்துப் போட்டுவிடுவாய்.

நானே அவளிடம் சொன்னேன், சொல்லித் தொலைத்துவிட்டு வா, படிப்புதானே முக்கியம் என்று. அவள் யோசித்தாள். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். "என் மேல தப்புன்னு சொல்லச் சொன்னா சொல்லிடுவேம்மா, கால்ல கூட வுழுவேன். கணக்கு தப்புன்னு எப்படிமா சொல்றது?" என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் பை எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில் அவள் பாத்திரம் தேய்ப்பாள். சாம்பலை வைத்து அந்தத் தவலையைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாய்?

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துக்குப் போகிற அதே ரயிலில் ஏறினேன். உன் காலில் விழுந்தாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் வந்தேன், அதை மறைக்கவில்லை. தீப்பெட்டிக் கம்பெனி சங்கு ஊதுகிற நேரத்துக்கு உன் பள்ளிக்கூடத்து வராண்டாவில் நின்றேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதிக்கொண்டிருந்தாய். உன் குரல் நன்றாகக் கேட்டது, வாத்தியார் குரல் உனக்கு நன்றாகத்தான் வருகிறது. "இப்ப, ரெண்டின் வர்க்கமூலம் ஒரு பின்னம்னே வெச்சிக்கலாம். எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கியாச்சு. மேல் எண், கீழ் எண் ரெண்டும் இரட்டைப்படையா இருக்க முடியாது..." என்று சொல்லிக்கொண்டே போனாய். ஒரு வரி விடவில்லை. எங்கள் அடுப்படித் தரையில் நீ காலால் அழித்ததை அப்படியே போர்டில் ஏற்றிக்கொண்டிருந்தாய். கடைசியில், ஆகவே இது விகிதமுறா எண், பையும் அப்படித்தான், இருபத்திரண்டின் கீழ் ஏழு என்பது கிட்டத்தட்டதான், சமம் என்று யாரும் எழுதக் கூடாது என்றாய். பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "இத்தத்தான சார் அன்னிக்கி ஸ்டெல்லா சொல்லிச்சு?" என்று கேட்டது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசாம எழுதிக்கோ" என்றாய்.

 இவனுக்குத் தெரியாது, புரியவில்லை, அதனால் அடம் பிடிக்கிறான் என்றுதான் அதுவரை எனக்குள் உனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். பெற்ற மனசு அப்படித்தான் வாதாடும். உனக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னது சரி என்று தெரிந்து, அதை உன் சரக்காக வகுப்பில் விற்றுக்கொண்டு, அதே நேரத்தில் அவள் அது தப்பு என்று வந்து சொன்னால்தான் படிக்கலாம் என்று ஆள் அனுப்பியிருக்கிறாய். தெரியாதவனைத் திருத்தலாம். தெரிந்தே செய்கிறவனை என்ன செய்வது? உன்னைக் கூப்பிட வந்த வாயை மூடிக்கொண்டேன். உன் காலில் விழ வந்தவள் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் முதலில் மழுப்பினார். ஸ்டாஃப் வீட்டு விஷயம், கார்டியன் இடத்தில் தகப்பனார் பெயர் இருக்கிறது, அவர் காலமான பிறகு சேவியர் சார்தான் கையெழுத்துப் போட்டு வருகிறார் என்றார். "பெத்தவ உயிரோட நிக்கிறேன் சார், என் கண்ணு முன்னாலயே அவன் எப்படி கார்டியன்?" என்று கேட்டேன். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். ஸ்கேல், ஓலை, டி.சி., நீ கேட்டனுப்பிய மன்னிப்பு, ஒன்று விடவில்லை. "நம்பலன்னா போய் அந்த போர்டப் பாருங்க சார். அவன் எழுதிக்கினு கீறது என் பொண்ணு சொன்னது. சொன்னவ வூட்ல பாத்திரம் தேய்ச்சிக்கினு கீறா" என்றேன். அவர் எழுந்து போனார். நீ பார்த்திருப்பாய், ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் நின்றாரே, ஏன் நின்றார் என்று இப்போது தெரிந்துகொள். திரும்பி வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டை எடுத்தார், உன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார், பேனாவை என் பக்கம் திருப்பினார். கார்டியன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் இருக்கிற அந்த டி.சி. இனி வெறும் காகிதம், அதில் வேர்க்கடலை மடித்துச் சாப்பிடு.

உன் கல்யாணத்துக்கு நானும் ஸ்டெல்லாவும் வருவோம். நீ சொன்ன மரியாதைக்காக அல்ல, பிலோமினாவுக்காக. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆபத்து என்றால் எங்கள் வீட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்கு ஆசீர்வாதம் வேண்டுமென்றால் சாமியாரிடம் வாங்கிக்கொள், என்னிடம் இப்போதைக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா உன் வகுப்பில் இருப்பாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டாள், உன்னையும் கேட்கச் சொல்ல மாட்டாள், நான் சொல்லி அனுப்புகிறேன். வருகைப் பதிவேட்டில் கடைசி வரியில் அவள் பெயரைத் தலைமையாசிரியர் தன் கையால் எழுதியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் கேட்க அதை நீதான் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அவள் "பிரசென்ட் சார்" என்பாள்.

இப்படிக்கு,
ஸ்டெல்லாவின் கார்டியன்